வெறும் வயிற்றில் ஒரு சனிக்கிழமை

அத்தியாயம் பதினொன்று

புரட்டாசி மூன்றாம் சனிக்கிழமை. மேற்குத் தாம்பரத்தில் கறிக்கடைகள் ஈ ஓட்டிக்கொண்டிருந்தன. துளசி விற்கிறவர்கள் காட்டில் மழை. தெருவுக்குத் தெரு நெற்றியில் பட்டை நாமமும் கையில் பித்தளைச் சொம்புமாக "கோவிந்தா, கோவிந்தா" என்று ஆண்கள் வீடு வீடாக அரிசி கேட்டுப் போய்க்கொண்டிருந்தார்கள்.

கனகவல்லியின் வீட்டிலும் அதே கதைதான். கணவர் பக்தவச்சலமும் அவர் தம்பி துளசிங்கமும் காலையிலேயே சொம்பைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிட்டார்கள். அவர்கள் கொண்டுவருகிற அரிசியில் பொங்கல் வைத்து, பெருமாளுக்குப் படையல் போட்டு, தீபாராதனை ஆன பிறகுதான் வீட்டில் யாரும் வாயில் ஒரு பருக்கை வைக்கலாம். மாமியார் காலத்திலிருந்து வரும் வழக்கம். அதில் ஒரு அணுவும் பிசகக்கூடாது கனகவல்லிக்கு.

அவளுக்கு எதிலும்தான் பிசகக்கூடாது. பொங்கலுக்கு மறுநாள் பக்தவச்சலத்துக்குச் சர்க்கரை என்று தெரிந்ததிலிருந்து அந்த வீடு பட்ட பாட்டை நாம்தான் வாராவாரம் பார்த்து வருகிறோமே! காலையில் வெந்தயத் தண்ணீர். அதன் பிறகு பாகற்காய்ச் சாறு. ஆறு மணிக்கு ஏரிக்கரை வரை நடை. ஒரு வாய்ச் சோற்றை முப்பது தடவை மென்று விழுங்க வேண்டும். மதியத் தூக்கம் கூடாது. வார இதழில் யாரோ எழுதியது, ரேடியோவில் யாரோ பேசியது, மாவு மில் க்யூவில் யாரோ சொன்னது எல்லாமே அவளுக்கு வேதவாக்கு.

"மனசு விட்டுச் சிரிச்சா ஆயுசு கூடுமாம்" என்று ஒருநாள் எங்கேயோ படித்தாள். மறுநாளிலிருந்து பக்தவச்சலம் பல் தேய்த்ததும் முகம் பார்க்கும் கண்ணாடி முன் நின்று சிரிக்க வேண்டும் என்று உத்தரவு. அவரும் நின்றார். "ஹ... ஹ... ஹ..." என்று சிரித்தார். அந்தச் சத்தம் கேட்கும்போதெல்லாம் மகள் வேதா எழுந்து கொல்லைப்பக்கம் போய்விடுவாள்.

எதைச் சொன்னாலும் அவர் பதில் ஒன்றுதான். "சரி."

"இன்னும் அரை டம்ளர் பாகற்காய் குடிங்க." "சரி." "ஊறுகாய் வேணாம்." "சரி." "ஞாயித்துக்கிழமை உங்க சிநேகிதர் வீட்டுக்கெல்லாம் போக வேணாம், அங்கே ஸ்வீட் குடுப்பாங்க." அதற்கும் "சரி."

அக்கம்பக்கத்துப் பெண்களிடம் கனகவல்லி இதைப் பெருமையாகத்தான் சொல்லிக்கொண்டாள். சர்க்கரைக்காரர்கள் திருட்டுத்தனமாக லட்டு தின்பார்கள், சண்டை போடுவார்கள் என்று மற்ற வீடுகளில் புலம்பல். தன் வீட்டுக்காரர் மட்டும் பசு மாதிரி. அந்தப் பசு ஆறு மாதமாக அவளிடம் வாய் திறந்து வேறு ஒரு வார்த்தை பேசவில்லை என்பது அவள் கணக்கில் வரவில்லை. மறைமலை நகர்க் கம்பெனியில் இருபது வருஷம் லேத் செக்‌ஷன் ஃபோர்மேனாக இருந்தவரைப் புது மெஷின்கள் வந்ததும் கேட் பாஸ் எழுதுகிற மேஜைக்கு மாற்றிவிட்டார்கள். அதையும் அவள் நல்ல சேதியாகவே எடுத்துக்கொண்டாள். உட்கார்ந்த வேலை, உடம்புக்கு நல்லது!

இன்று காலை ஏழு மணிக்கு வழக்கம்போல மாத்திரையையும் தண்ணீரையும் நீட்டினாள். மாத்திரை வேளை தவறக்கூடாது என்பது அவள் சட்டம். விரதம் தவறக்கூடாது என்பதும் அவள் சட்டம். இரண்டு சட்டமும் ஒன்றோடொன்று மோதும் என்று அவளுக்குத் தோன்றவே இல்லை.

பக்தவச்சலம் மாத்திரையை உள்ளங்கையில் வைத்துக் கொஞ்சநேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

"என்ன பார்க்கறீங்க? போடுங்க. இன்னிக்கு ஏரிக்கரை நடை கிடையாது, அரிசி கேட்டுத்தான் ஊரெல்லாம் நடக்கப்போறீங்களே. ஆடு மேய்ச்ச மாதிரியும் ஆச்சு, அண்ணனுக்குப் பொண்ணு பார்த்த மாதிரியும் ஆச்சு."

"சரி" என்று விழுங்கிவிட்டுப் போனவர்தான்.

*

துளசிங்கம் மட்டும் தனியாக வந்து சொம்பை வாசலில் இறக்கியபோது வெயில் உச்சிக்கு ஏறத் தொடங்கியிருந்தது.

"எங்க தம்பி, உங்க அண்ணன்?"

"இன்னும் வரலையா அண்ணி?" துளசிங்கம் துண்டால் கழுத்தைத் துடைத்தான். "முடிச்சூர் ரோடு முனையிலயே பிரிஞ்சுட்டாரே. தலை சுத்தற மாதிரி இருக்கு, நீ இந்தப் பக்கம் பாரு, நான் அந்தப் பக்கமா வீட்டுக்குப் போறேன்னாரு. அது ஆச்சே ரொம்ப நேரம்."

"தலை சுத்துதுன்னு சொன்னவரைத் தனியா விட்டுட்டு வந்தியா?"

"கூட வரேன்னுதான் சொன்னேன். வேணாம், எனக்குக் கொஞ்சம் தனியாப் போகணும்னாரு."

கனகவல்லிக்குக் கோபம்தான் முதலில் வந்தது. படையல் நேரம் தப்புகிறது. எங்கேயாவது நின்று யாருடனாவது பேசிக்கொண்டிருப்பார் என்று நினைத்தாள். யாருடன் பேசுவார்? அந்தக் கேள்விக்கு அவளிடம் ஒரு பெயர்கூட வரவில்லை.

அப்போதுதான் வேதா உள்ளே வந்தாள். சேலையூரில் ஒரு நர்சரி ஸ்கூலில் டீச்சர் அவள், சனிக்கிழமை அரை நாள். செருப்பைக்கூடக் கழற்றவில்லை, அம்மாவின் முகத்தைப் பார்த்ததும் நின்றுவிட்டாள்.

"அப்பா எங்கம்மா?"

"கோவிந்தா போடப் போனவரு இன்னும் வரல. தலை சுத்துதுன்னாராம்."

"மாத்திரை குடுத்தியா இன்னிக்கு?"

"என்னிக்குக் குடுக்காம இருந்திருக்கேன்? ஏழு மணிக்கே குடுத்துட்டேன்."

"சாப்பிட?"

"என்னடி கேள்வி இது? படையல் ஆகாம எப்படிச் சாப்பிடுவாரு?"

வேதாவின் கையிலிருந்த பை கீழே விழுந்தது.

"அம்மா... போன செவ்வாக்கிழமை நான்தானே அப்பாவை ஸ்ரீரங்கன் டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போனேன்? டாக்டர் என்ன சொன்னாரு தெரியுமா? அந்த மாத்திரையைப் போட்டா அரை மணி நேரத்துல சாப்பிட்டே ஆகணும். இல்லேன்னா சர்க்கரை கீழே இறங்கிடும். வேர்க்கும், கை நடுங்கும், பேச்சுக் குழறும், அப்புறம் நினைவு போயிடும். உயிருக்கே ஆபத்துன்னாரும்மா."

"என்கிட்ட யாரும் சொல்லலையே!"

"அம்மாகிட்ட நான் சொல்லிக்கறேன்னு அப்பாதான் சொன்னாரு."

கனகவல்லி மகளையே பார்த்தாள். சர்க்கரை ஏறினால்தானே ஆபத்து? இத்தனை மாதமாக அவள் போர் தொடுத்ததெல்லாம் ஏறுகிற சர்க்கரையோடுதான். இறங்கினாலும் மனிதன் செத்துப்போவான் என்று எந்த வார இதழும் அவளிடம் சொல்லவில்லை. ஏழு மணியிலிருந்து வெறும் வயிறு, அதற்கு மேல் ஒரு மாத்திரை, அதற்கு மேல் வெயிலில் நடை. தன் கையால் நீட்டிய மாத்திரை. ஐயோ, தன் கையால்!

"துளசிங்கம், நீ ஸ்டேஷன் பக்கம் போ. பஸ் ஸ்டாண்டெல்லாம் பாரு. வேதா, நீ டாக்டர்கிட்ட ஓடு. நான் முடிச்சூர் ரோடு பக்கம் போறேன்."

அடுப்பில் கொதித்துக்கொண்டிருந்த புளிக்காய்ச்சலை யார் இறக்கினார்கள் என்று அவளுக்குத் தெரியாது. தலைமுடியைக்கூட அள்ளிச் செருகாமல் வாசலில் இறங்கிவிட்டாள்.

*

ஒரு மனிதனைத் தேடுவது என்றால் எங்கிருந்து ஆரம்பிப்பது? அதுவும் ஊரிலுள்ள பாதி ஆண்களுக்கு நெற்றியில் நாமமும் கையில் சொம்பும் இருக்கிற நாளில்?

"நாமம் போட்டவரு, உயரமா, இந்தப் பக்கம் வந்தாரா?" என்று கேட்டால் எல்லோரும் தலையாட்டினார்கள். "வந்தாங்களே, நாலஞ்சு பேரு வந்தாங்களே" என்றார்கள். ஒரு வீட்டில் அவளையே அரிசி கேட்க வந்தவள் என்று நினைத்து ஒரு அம்மாள் முறத்தில் அரிசியோடு வந்தாள். கனகவல்லி தலையை ஆட்டிவிட்டு அடுத்த வீட்டுக்கு ஓடினாள்.

தூரத்தில் ஒரு நாமக்காரர் முதுகு தெரிந்தது. அதே நடை. "ஏங்க!" என்று கத்திக்கொண்டு ஓடிப்போய்த் தோளைத் தொட்டாள். திரும்பியது வேறு யாரோ. அவர் பதறிப்போய் இரண்டடி தள்ளி நின்றார்.

முனையில் பூ விற்கும் பேபி கூடையை இடுப்பில் வைத்துக்கொண்டு எதிரே அவசரமாக வந்தாள். கையில் கற்பூரப் பொட்டலம்.

"இன்னாக்கா இப்டி ஓடியார? நீயும் அங்கதான் போறியா?"

"எங்க?"

"தண்ணி டேங்காண்ட சாமி வந்துகீதுக்கா! யாரோ ஒரு பெரியவரு மேல பெருமாளே எறங்கிகீறாராம். ஊரே அங்கதான் கீது. என் பையன் துபாய் போவ முடியுமா முடியாதான்னு ஒரு வார்த்த கேட்டுகினு வந்துடலாம்னு போறேன். வாக்கா நீயும்."

"எங்க வீட்டுக்காரரைக் காணோம் பேபி. நான் ஏரிக்கரைப் பக்கம் போறேன். அந்தப் பெருமாள்கிட்ட எனக்கும் சேர்த்து வேண்டிக்கோ. அவரு நல்லபடியா கிடைக்கணும்னு வேண்டிக்கோ!"

சொல்லிவிட்டு, தண்ணீர் டேங்க் இருக்கிற திசையைப் பார்த்துக் கைகூப்பிவிட்டு, எதிர்த்திசையில் ஓடினாள் கனகவல்லி.

ஏரிக்கரையில் யாரும் இல்லை. எருமை ஒன்று தண்ணீரில் தலையை மட்டும் நீட்டிக்கொண்டிருந்தது. தினமும் அவர் நடக்கிற ஒற்றையடிப் பாதை. புதரோரமெல்லாம் எட்டிப் பார்த்தாள். தண்ணீரைப் பார்க்கத்தான் பயமாக இருந்தது. பார்த்தாள். ஏன் தண்ணீரைப் பார்க்கத் தோன்றியது என்று நினைத்ததும் அவளுக்கு உடம்பு முழுக்கச் சில்லிட்டது. தலை சுற்றி விழுந்த மனிதனைத் தேடுகிறவள் புதரைத்தானே பார்க்க வேண்டும்?

"பெருமாளே, விரதத்துல ஒரு குறையும் வைக்கலையே நான்" என்று வாய்விட்டு அழுதாள். அழுதுகொண்டே வந்த வழியே திரும்பினாள். காலில் செருப்பு இல்லை என்பது அப்போதுதான் தெரிந்தது. அளவுக்கு மிஞ்சினால் அமிர்தமும் நஞ்சு என்று ஊருக்கெல்லாம் சொல்கிற வாய் அவளுடையது.

பாதி வழியில் மறுபடியும் பேபி. போன வேகம் இல்லை, முகத்தில் ஏமாற்றம்.

"இன்னா சாமியோ போக்கா. எது கேட்டாலும் ஒரே வார்த்தையைச் சொல்லினுகீது. 'போதும், போதும்'னு. துபாய் போவலாமான்னு கேட்டா, 'எல்லாம் போதும், என்னை வுட்ருங்க'ன்னுது. உடம்பெல்லாம் வேர்த்து ஊத்துது, கையெல்லாம் தடதடன்னு ஆடுது. கண்ணாடி போட்ட சாமிய நான் இப்பத்தான் பாக்குறேன்."

கனகவல்லி நின்றாள்.

"கண்ணாடியா? கறுப்பு பிரேமா?"

"ஆமாக்கா. ஒரு பக்கம் நூல் சுத்தி..."

அந்த நூலைச் சுற்றியது கனகவல்லிதான். பேபி மேலே என்ன சொன்னாள் என்று அவள் கேட்கவில்லை. ஐம்பதை நெருங்குகிற ஒரு பெண்மணி அப்படி ஓடி அந்தத் தெரு பார்த்திருக்காது.

*

டேங்க்கின் தூண்களுக்கு நடுவே கூட்டம் வளையமாக நின்றது. கற்பூர நெடி. "கோவிந்தா! கோவிந்தா!" என்று யாரோ சொல்ல, மற்றவர்கள் திருப்பிச் சொன்னார்கள். சிலர் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள்.

நடுவில் பக்தவச்சலம் தூணில் முதுகைச் சாய்த்துக் கால் நீட்டி உட்கார்ந்திருந்தார். யாரோ கழுத்தில் துளசி மாலை போட்டிருந்தார்கள். நாமம் வியர்வையில் கரைந்து மூக்கு வழியாக வழிந்திருந்தது. கண்கள் திறந்திருந்தன, ஆனால் எதையும் பார்க்கவில்லை. கைகள் நடுங்கின. அவர் காலடியில் எலுமிச்சம்பழம், வெற்றிலை, சில்லறை, எரிகிற கற்பூரம். சாகப்போகிற மனிதனைச் சுற்றி ஊரே கும்பிட்டுக்கொண்டிருந்தது.

ஒரு கிழவர் குனிந்து கேட்டார்: "சாமி, என்ன குறைன்னு சொல்லு சாமி. செஞ்சுடறோம்."

"எனக்குப் போதும்..." நாக்கு குழறியது. "எல்லாம் போதும். விட்ருங்க... என்னை விட்ருங்க."

"கோவிந்தா!" என்றது கூட்டம்.

கனகவல்லி இரண்டு கையாலும் ஆட்களைத் தள்ளிக்கொண்டு உள்ளே நுழைந்தாள். ஒரு தடித்த ஆள் கையை நீட்டி மறித்தான்.

"ஏம்மா, எங்க போற? சாமியத் தொடாத. தீட்டாயிடும். தள்ளி நின்னு கும்புடு."

"அது சாமி இல்லய்யா! என் வீட்டுக்காரரு!"

"இப்ப அவரு உன் வூட்டுக்காரரு இல்லம்மா. உள்ள பெருமாள் கீறாரு. மல ஏறட்டும், அப்பறம் கூட்டினு போ."

சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி இடம் கொடுக்கமாட்டான் என்பது இதுதான் போலும். கனகவல்லி அவன் நீட்டிய கையைக் கடித்துவிட்டாள். ஆம், கடித்தே விட்டாள். அவன் "ஐயோ" என்று உதறிய இடைவெளியில் கணவர் முன்னால் போய் விழுந்தாள்.

"ஏங்க... ஏங்க... நான் வள்ளி வந்திருக்கேன். பாருங்க என்னை."

அவர் பார்த்தார். அடையாளம் தெரியவில்லை. "போதும்மா" என்றார், யாரோ தெரியாத பெண்ணிடம் சொல்வதுபோல. தொட்டால் உடம்பு ஐஸாக இருந்தது.

"சர்க்கரை! யாராவது சர்க்கரை குடுங்க! சீக்கிரம்!"

யாரும் அசையவில்லை. சாமி வந்தவருக்குச் சர்க்கரையா? வளையத்துக்கு வெளியே இருந்த டீக்கடையிலிருந்து அப்துல் ரசாக் சர்க்கரை டப்பாவையும் தம்ளர் தண்ணீரையும் தூக்கிக்கொண்டு ஓடிவந்தார்.

"தள்ளுப்பா, தள்ளு! அந்தம்மா கேக்குது இல்ல? இந்தாமா, புடி."

"விரதக்காரருக்கு டீக்கடைத் தண்ணியா? படையலுக்கு முன்னாடியா?" என்று பின்னாலிருந்து ஒரு குரல்.

இன்று காலைவரை அந்தக் குரல் கனகவல்லியின் குரலாகத்தான் இருந்திருக்கும். இப்போது அவள் திரும்பிப் பார்த்த பார்வையில் அது அடங்கிவிட்டது.

"விரதம் முடிஞ்சு போச்சு! என் பாவத்துல முடிஞ்சு போச்சு! எல்லாரும் போங்க!"

கையில் சர்க்கரையை அள்ளி, துளி தண்ணீர் விட்டுக் குழைத்து, அவர் உதட்டைப் பிளந்து, கன்னத்தின் உள்பக்கமும் ஈறிலும் விரலால் தேய்த்தாள். இன்னொரு தடவை. இன்னொரு தடவை. பொங்கலிலிருந்து அந்த வாய்க்கு ஒரு சிட்டிகை சர்க்கரை காட்டாதவள், இப்போது கைகொள்ளாமல் அள்ளித் தேய்த்தாள். அவர் பல் அவள் விரலில் பதிந்தது. வலித்ததா என்று அவளுக்குத் தெரியாது.

"முழுங்குங்க. உங்களைக் கும்பிட்டுக் கேக்கறேன், முழுங்குங்க."

ஒன்றும் நடக்கவில்லை. பிறகு அவர் தொண்டை மெல்ல ஏறி இறங்கியது. ரசாக் தம்ளரில் சர்க்கரையைக் கரைத்து நீட்டினார். வாயோரம் வைத்துத் துளித்துளியாகக் கொடுத்தாள். பாதி நெஞ்சில் வழிந்தது. மீதி உள்ளே போனது.

கைநடுக்கம் கொஞ்சம் குறைந்தது. கண்கள் ஒரு இடத்தில் நின்றன. அவளைப் பார்த்தன.

"வள்ளி" என்றார்.

கனகவல்லி அந்தத் துளசி மாலைமேல் முகத்தை வைத்துக்கொண்டு ஓவென்று அழுதாள். காலடியிலிருந்த சில்லறையைப் போட்டவர்கள் ஒவ்வொருவராக வந்து எடுத்துக்கொண்டு கலைந்தார்கள். ரசாக்கின் மைத்துனன் பாட்சா ஆட்டோவைக் கொண்டுவந்து நிறுத்தினான்.

*

டாக்டர் ஸ்ரீரங்கனின் கிளினிக்கில் உள் அறையில் ஒரே ஒரு கட்டில். குளுக்கோஸ் சொட்டுச் சொட்டாக இறங்கிக்கொண்டிருந்தது. வேதா முன்பே அங்கே வந்து காத்திருந்ததால் எல்லாம் தயாராக இருந்தது. துளசிங்கம் வாசலில் நின்று மூக்கைச் சிந்திக்கொண்டிருந்தான்.

"தக்க சமயத்துல சர்க்கரை குடுத்தீங்கம்மா. இன்னும் கொஞ்ச நேரம் விட்டிருந்தா என் கையில ஒண்ணும் இருந்திருக்காது" என்றார் டாக்டர். "ஆனா இந்த மாத்திரையோட வேலை நாள் பூரா இருக்கும். மறுபடி இறங்கலாம். ராத்திரி வரைக்கும் இங்கேயே இருக்கட்டும். வேதா, நீ போய் இட்லி வாங்கிட்டு வா."

வேதா போனதும் அவர் கனகவல்லியை ஜன்னலோரம் அழைத்தார்.

"நான்தான் டாக்டர் குடுத்தேன். விரதம்னு தெரிஞ்சும் என் கையாலதான் குடுத்தேன்" என்று அவள் ஆரம்பித்தாள். "எனக்குத் தெரியாது டாக்டர். சத்தியமா தெரியாது."

"உங்களுக்குத் தெரியாதும்மா. அதை நான் நம்பறேன்." டாக்டர் குரலைத் தாழ்த்தினார். "அவருக்குத் தெரியும். போன செவ்வாக்கிழமை எல்லாம் பேசி முடிச்ச அப்புறம், வேதாவை வெளியில உட்காரவச்சுட்டு அவரே தனியாக் கேட்டாரு. சனிக்கிழமை விரதம் வருது டாக்டர், மாத்திரை போட்டுட்டுச் சாப்பிடாம இருந்தா என்ன ஆகும்னு. நானும் விவரமாச் சொன்னேன். விரதம் இருந்தா அன்னிக்கு மாத்திரையே வேணாம்னும் சொன்னேன்."

கனகவல்லி ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டாள். உள்ளங்கையில் மாத்திரையை வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தாரே, அது எதற்கு என்று இப்போது புரிந்தது. புரியாமலே இருந்திருக்கலாம்.

"வீட்டுல எப்படி இருக்காரு? தூங்கறாரா? பேசறாரா?"

"ஒரு தொந்தரவும் இல்ல டாக்டர். எதைச் சொன்னாலும் சரிம்பாரு."

"எத்தனை நாளா?"

கனகவல்லி விரல்விட்டு எண்ணினாள். ஆறு மாதம் என்று கணக்கு வந்தது.

"சர்க்கரையை நான் பார்த்துக்கறேன்" என்றார் டாக்டர். "மனசுக்கு வேற டாக்டரைப் பார்க்கணும். நானே எழுதித் தரேன். அதுவரைக்கும் அவரைத் தனியா விடாதீங்க. மாத்திரை எல்லாம் வேதா கையில இருக்கட்டும். முக்கியமா அவரைப் பேச விடுங்க. நீங்க பேசாதீங்க."

இப்படி ஒருவர் நேற்று சொல்லியிருந்தால் கனகவல்லி சண்டைக்குப் போயிருப்பாள்.

கட்டிலருகே வந்து முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். பக்தவச்சலம் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். நெற்றியில் நாமம் கரைந்து வெறும் வெள்ளைத் தீற்றலாக இருந்தது. முந்தானையால் துடைத்துவிட்டாள். என்ன சொல்வது? நேரத்துக்குச் சாப்பிடுங்க, நல்லாத் தூங்குங்க, தினமும் சிரிங்க. ஊரிலுள்ள குறிப்பெல்லாம் அவளிடம் இருந்தது. இதற்கு ஒன்றும் இல்லை.

"ஏங்க... டேங்க்கிட்ட என்னமோ சொல்லிட்டு இருந்தீங்க. மயக்கத்துல. ஞாபகம் இருக்கா?"

இல்லை என்று சொல்லிவிடுங்கள் என்று அவள் மனசு கெஞ்சியது. அது பொய்யாகவே இருந்தாலும் இருந்துவிட்டுப் போகட்டும்.

"இருக்கு" என்றார்.

"எல்லாரும் சாமி பேசுதுன்னு..."

"சாமி எங்க வந்தது, வள்ளி? நான்தான் சொன்னேன்." அவர் கூரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "இப்பவும் அதையேதான் சொல்றேன்."

சொட்டுச் சொட்டாகக் குளுக்கோஸ் இறங்கியது. கனகவல்லி முக்காலியிலிருந்து இறங்கித் தரையிலேயே உட்கார்ந்தாள், அவர் முகத்துக்கு நேராக. ஊசி குத்தாத கையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அவரிடம் அவள் கேட்ட கேள்விகளுக்குக் கணக்கில்லை. குடிச்சீங்களா, நடந்தீங்களா, போட்டீங்களா. இப்படி ஒன்று கேட்டதில்லை.

"எதுங்க போதும்? என்கிட்ட சொல்லுங்க. நான் நடுவுல பேசமாட்டேன்."

அவர் மெல்லத் தலையைத் திருப்பினார். அவளைப் பார்த்தார். அவள் தோளுக்கு மேலாக, கையில் இட்லிப் பொட்டலத்தோடு கதவருகே வந்து நின்ற மகளையும் பார்த்தார். உதடு நடுங்கியது. இந்தத் தடவை அது சர்க்கரையால் இல்லை.

"வேதாவைக் கொஞ்சம் வெளியில இருக்கச் சொல்லு" என்றார் பக்தவச்சலம். "சொல்றேன்."